பள்ளம் வருது

"பள்ளம் வருது. பெரிசா வருது."

மாமனார் ஆரம்பித்துவிட்டார். வண்டி இன்னும் தெரு முனையைக்கூடத் தாண்டவில்லை.

"எனக்கும் கண்ணு தெரியுது மாமா" என்றாள் மருமகள், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"தெரியும்மா. தெரியாமலா ஓட்டுறே?" என்றவர் அடுத்த நொடியே, "வேகத்தடை. இதோ வந்தாச்சு" என்றார்.

பின் சீட்டில் மாமியார் கதவில் முதுகைச் சாய்த்து, சீட் முழுக்கக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இடுப்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்படித்தான் உட்கார முடியும். எல்லாரும் வசதியாகப் போகட்டும் என்று கடன் போட்டு வாங்கின எஸ்யூவி, இப்போது அவருக்குத்தான் உதவுகிறது. வாரா வாரம் பிசியோதெரபிக்கு அழைத்துப் போவது மருமகளின் வேலை. யாரும் சொல்லவில்லை. அரைநாள் லீவு போட்டு, அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

அதற்குத்தான் முன் சீட்டிலிருந்து இந்த மரியாதை.

இத்தனைக்கும் மகனோடு கடைக்கோ பேங்குக்கோ போனால் மாமனார் வாயே திறப்பதில்லையாம். ஏறின உடனே குறட்டைதானாம். புருஷன்காரன் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

"எனக்குக் கிடைக்காத நேரடி வர்ணனை உனக்குக் கிடைக்குது. கொடுத்து வச்சவ."

"பொம்பளை ஓட்டினா நம்பிக்கை இல்லை. அதை நேராச் சொல்லிட்டுப் போகலாமே" என்று அவள் பொருமினாள்.

அடுத்த வாரம் பொறுமை போயே போய்விட்டது. அவர் "பள்" என்று வாயைத் திறந்ததும் பாட்டை வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். மனுஷர் கத்திப் பார்த்தார். அவள் காதிலேயே வாங்கவில்லை. வீடு வரைக்கும் அதே சத்தம்தான்.

அன்றைக்கு வந்ததும் படுத்த மாமியார், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. "அசதிம்மா" என்றார். தெரபி கொஞ்சம் கடுமை போலிருக்கிறது என்று மருமகளும் விட்டுவிட்டாள்.

வண்டியை சர்வீஸுக்கு விடும்போது மெக்கானிக்கிடம் அழாக்குறையாகச் சொன்னாள்.

"அண்ணே, எங்க மாமனார் வாயை மூட ஏதாவது பார்ட் இருந்தா மாட்டி விடுங்க."

மெக்கானிக் சிரித்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்க மூலையை இரண்டு கையாலும் அமுக்கி விட்டார். ஒரு தரம் எழும்பி நிற்க வேண்டிய வண்டி, தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தார்.

"பாருங்க, எண்ணெய் கசிஞ்சு நனைஞ்சு கிடக்கு. பின்பக்க ஸ்ட்ரட் ரெண்டும் போயிடுச்சு. பள்ளத்துல இறங்கினா அதிர்ச்சியைத் தாங்கறது இதுதான். டயர்கூட திட்டுத் திட்டாத் தேஞ்சிருக்கு."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே. தினமும் நான்தானே ஓட்டுறேன்?"

"தினமும் ஓட்டுறதாலதான் தெரியலை. கொஞ்சம் கொஞ்சமாப் போகும், பழகிடும். முன்னாடி உட்கார்றவங்களுக்கு அவ்வளவாத் தெரியாது. பின்னாடி யார் உட்கார்றாங்க?"

"எங்க அத்தை. அவங்க ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"ரெண்டையும் சேர்த்தே மாத்திடறேன். ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா வண்டி நொண்டும்" என்று மெக்கானிக் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அடுத்த தெரபி நாள். அதே ரோடு, அதே மூன்று பேர்.

"பள்ளம் வருது" என்றார் மாமனார்.

மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினாள். வண்டி ஒரு தரம் அமுங்கி எழுந்தது. அவ்வளவுதான்.

மாமனார் திரும்பிப் பின்னால் பார்த்தார். மாமியார் தலையை ஆட்டினார். உடனே அவர் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடினார். சிக்னல் வருவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

அவளால் நம்ப முடியவில்லை. "என்ன அத்தை, என் டிரைவிங் மேல மாமாவுக்குத் திடீர்னு நம்பிக்கை வந்துடுச்சு?"

"உன் டிரைவிங்குக்கு என்னம்மா குறைச்சல்? அவர் என்னைக்கு உனக்குச் சொன்னார்?"

"பின்னே?"

"எனக்குத்தான். நான் இப்படித் திரும்பி உட்கார்ந்திருக்கேனே, ரோடு எனக்கு எங்கே தெரியுது? அவர் குரல் கொடுத்தா, மேல கைப்பிடியைப் பிடிச்சு இடுப்பை லேசாத் தூக்கிக்குவேன். இடிக்காது."

மருமகளுக்குப் போன வாரத்துப் பாட்டுச் சத்தம் ஞாபகம் வந்தது. அத்தை சாப்பிடாமல் படுத்துக் கிடந்ததும் ஞாபகம் வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அத்தை?"

"லீவு போட்டு ஆசை ஆசையாக் கூட்டிட்டுப் போற பொண்ணுகிட்ட, உன் வண்டி இடிக்குதுன்னு எந்த வாயால சொல்றது? சொல்லவே கூடாதுன்னு நான்தான் அவர்கிட்ட சத்தியம் வாங்கினேன். 'சரி, கெட்ட பேர் எனக்கே இருக்கட்டும்'னுட்டார்."

மருமகள் பக்கத்து சீட்டைப் பார்த்தாள். மாமனார் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு மாமனாரையும் மாமியாரையும் பெற்றதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கண் கலங்கி ரோடு மங்கலாகத் தெரிந்தது. துடைத்துக்கொண்டாள்.

எதிரே இன்னொரு பள்ளம். புது ஸ்ட்ரட் அதைத் தாங்கிக்கொள்ளும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் வேகத்தைக் குறைத்து, மாமனார் தூக்கம் கலையாத குரலில் சொன்னாள்.

"அத்தை, பள்ளம் வருது. பிடிச்சுக்குங்க."