மூச்சுக்கு வரிசை இல்லை

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆட்களுக்குப் பதிலாக அவரவர் மருந்து வாங்கக் கொண்டுவந்த காலி பாட்டில்கள் வரிசையில் நிற்கின்றன. முதலில் நிற்பது கான்ட்ராக்டர் பக்தவத்சலத்தின் பிராந்தி பாட்டில். அவருக்குப் பசி மந்தம். பெரார்கஞ்ச் ஊரிலிருந்து வந்த லாரியை விட்டு இறங்கிய விசாலாட்சி, மூச்சு இழுக்கும் ஐந்து வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வருகிறாள். "பாட்டில் எங்கம்மா? கொண்டாந்து லைன்ல வை" என்கிறார் கான்ட்ராக்டர், ஆஸ்பத்திரியையே அவர்தான் கட்டியதுபோல. நர்ஸ் ரஹ்மத்துன்னிசா குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு கான்ட்ராக்டரிடம் திரும்புகிறாள். "பாட்டில் மருந்து ஊத்தறதுக்கு, டேக்கேதார் சாப். மூச்சு முட்டினா நேரா உள்ள வந்துடணும்." கதவு சாத்திக்கொள்கிறது. வராந்தா முழுவதும் பேச்சை விட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறது. விசாலாட்சியின் கை தூணை விடவில்லை. கால் மணி கழித்து உள்ளிருந்து ஒரு பிஞ்சுக் குரல், எங்கும் திணறாமல், ஒரே மூச்சில்: "ஏ குண்டு டாக்டரு, உன் கையில நான் ஊசி குத்தறேன் பாரு." இதைவிட நல்ல வசவு அந்த டாக்டருக்கு இதுவரை கிடைத்ததில்லை.