பாட்டுக்கு மட்டும்

“நேத்து மேடையில பாடினது என் பையன்தான் தம்பி. திரையில ஓடுன பாட்டு வரியோட எழுத்து நீங்க செஞ்சதாமே?”

எழுத்து வடிவமைப்பாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்கம்மா. ஏதாவது தப்பாயிடுச்சா?”

“தப்பா! உங்களைப் பார்க்காம மனசு ஆறல. விலாசம் விசாரிச்சு ஓடி வந்தேன்.”

அவர் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்தாள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

“அவன் பாடற இடத்துக்கெல்லாம் போவேன். பக்கத்துல இருக்கறவங்க கைதட்டினா நானும் தட்டுவேன். நமக்குத் தெரிஞ்ச சங்கீதம் அவ்வளவுதான். பெத்தவளுக்கு இது எப்படி இருக்கும் சொல்லுங்க?”

அவர் தலையாட்டினார்.

“நேத்து அந்த எழுத்து ஒண்ணுல வால் நீண்டுக்கிட்டே போச்சு. அவன் இழுக்கறான், இழுக்கறான்... அப்படியே மெலிஞ்சு முடிஞ்சுது. எல்லாருக்கும் முன்னாடி நான்தான் தட்டினேன் தம்பி! அப்புறம்தான் அரங்கமே தட்டுச்சு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்க ‘ழ’. எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, முனைகளில் சின்னக் கொக்கிகளோடு இருந்தன.

“கொக்கி எதுக்கு?”

“அடுத்த எழுத்து கையைப் பிடிச்சுக்க.”

“நேர் எழுத்தையே சாய்ச்சுட்டா ஆகாதா?”

“அது சாய்ஞ்ச எழுத்து இல்லம்மா, தடுக்கி விழுந்த எழுத்து.”

இருவரும் சிரித்தார்கள்.

“அழகா இருக்குன்னு, ‘செருப்பை வெளியே விடவும்’ வரைக்கும் இதுலயே போடச் சொன்னாங்க, கச்சேரி நடத்தறவங்க. முடியவே முடியாதுன்னுட்டேன். அறிவிப்புக்கு நேர் எழுத்து. இது பாட்டுக்கு மட்டும். அதுவும் ரெண்டு ரெண்டு வரியா, பெருசா, சுத்தி இடம் விட்டு. நெருக்கிப் போட்டா கண்ணு கட்டிடும். ‘அப்படின்னா உன் எழுத்தே வேண்டாம்’னு கிளம்பிட்டாங்க. மறுநாள்தான் சம்மதிச்சாங்க.”

“நல்லவேளை பிடிவாதமா நின்னீங்க. பாட்டுல பெரிய ஆளோ நீங்க?”

“உங்க அளவுதான் எனக்கும். என் மக பாடறப்ப அவ கழுத்தையே பார்த்துக்கிட்டு இருப்பேன். தம் பிடிச்சு இழுக்கற இடத்துல கோட்டை நீட்டினேன், மூச்சு அடங்கற இடத்துல மெலிய விட்டேன். சரியா வந்துச்சான்னு தெரியாமத் தவிச்சேன். இன்னிக்கு நீங்க வந்து சொல்லிட்டீங்க. எனக்கு இது போதும்மா.”

ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி காதைக் கிழிக்கிற மாதிரி ஹாரன் அடித்தது. தெருவே திடுக்கிட்டுத் திரும்பியது.

பிறவியிலேயே காது கேளாத அந்த இருவரும் திரும்பவில்லை. அவள் விரல்நுனிகளை மோவாயில் தொட்டு அவரை நோக்கி நீட்டினாள்; ஒரு சத்தமும் எழாமல் கைகளாலேயே நடந்த அந்தப் பேச்சின் கடைசி வார்த்தை அது: நன்றி.