சலாந்திரியிலிருந்து வந்த கார்டு

1974 ஆடியில் மீன் பிடிக்கப் போன சிங்காரம், மூன்றாம் நாள் கடப்பாக்கம் கரையில் பிணமாக ஒதுங்கினான். அவன் மனைவி ஆதியம்மாள்தான் அடையாளம் காட்டினாள். அவள் கையாலேயே மூன்று பிடி மண் தள்ளவைத்துப் புதைத்தார்கள்.

மாசியில் தபால்காரர் ஏசுதாஸ் அவளுக்கு ஒரு படக் கார்டு கொண்டுவந்தார். படத்தில் அகலமான தெரு, டிராம் வண்டி, வெள்ளையாய் ஒரு பெரிய கட்டடம். கீழே 'சலாந்திரி, ஒர்வேனியாவின் தலைநகரம்' என்று அச்சிட்டிருந்தது. அப்படி ஒரு நாடு தபாலாபீஸ் புத்தகத்திலேயே இல்லை என்றார் ஏசுதாஸ்.

"எழுதுனது யாரு?"

"சிங்காரம்னு போட்டுகீது. அங்க தொறைமுகத்துல வேலையாம். வூடு குடுத்துகீறாங்களாம். உன்ன வரச் சொல்றான்."

ஆதியம்மாள் கருவாட்டைப் புரட்டிப் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை.

"பதில் எழுது அண்ணாத்த. நாங்க பொதைச்சது யாருன்னு கேளு."

ஏசுதாஸ் எழுதி, கார்டில் இருந்த விலாசத்துக்கே அனுப்பினார். எப்படியும் திரும்பி வந்துவிடும் என்றுதான் நினைத்தார்.

பன்னிரண்டாம் நாள் அடுத்த கார்டு வந்தது. அதே தெரு, அதே டிராம். ஏசுதாஸ் அதை மனசுக்குள் இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"'அதுவும் நான்தான்'னு எழுதிகீறான். நீ எப்ப வர்றேன்னு தேதி கேக்குறான்."

ஆதியம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு இன்னா தேதி அண்ணாத்த?"