அவர்கிட்ட சொல்லுங்க

"டீச்சர், மெயினை ஆஃப் பண்ணாரான்னு அவர்கிட்ட கேளுங்க!"

மாடிப்படியில் நின்றபடி வீட்டுக்காரர் சொன்னார். 'அவர்' ஒன்றும் அடுத்த ஊரில் இல்லை. நாலடி தள்ளி, கழிவுத் தொட்டி மூடியின் பக்கத்தில்தான் குனிந்திருந்தார் அந்த நெட்டை மெக்கானிக்.

டீச்சருக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் கேட்டாள். "ஆஃப் பண்ணிட்டீங்களா தம்பி?"

"பண்ணிப் பூட்டும் போட்டாச்சு, சாவி என் பாக்கெட்லதான் இருக்குன்னு சொல்லுங்க டீச்சர்."

தமிழில் கேட்டதைத் தமிழிலேயே மொழிபெயர்க்க ஓர் ஆள்! அப்படியென்ன திமிர் இந்த மனுஷனுக்கு? சாக்கடை வேலை செய்கிறவரோடு பேசினால் வாய் அழுகிவிடுமா?

கீழ் வீட்டை வாடகைக்கு எடுத்து அவள் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். தெருச் சாக்கடை வீட்டைவிட மேட்டில் இருப்பதால், கழிவெல்லாம் கொல்லைத் தொட்டியில் சேரும். அதற்குள் முழுகிக் கிடக்கும் மோட்டார் அதை அரைத்து மேலே தள்ளும். காலையில் அது நின்றுபோனது. குளியலறைத் துளை வழியாகக் கழிவு எதிர்த்து வர, குழந்தைகளை எல்லாம் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

அதுகூடப் பரவாயில்லை. குடிவந்தபோதே வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். "உங்க பசங்க துணி மோட்டார்ல சிக்குச்சுன்னா அன்னிக்கே காலி பண்ணிடணும்." மழலைப் பட்டாளத்துக்கு யார் வீடு கொடுப்பார்கள்?

காலையில் மோட்டார் ரிப்பேர் கம்பெனி நம்பரைக் கொடுத்தவரும் இவரேதான். "அந்த நெட்டையனைத்தான் அனுப்பச் சொல்லுங்க. வேற எவன் வந்தாலும் கேட்டைத் திறக்க மாட்டேன்." வரவழைத்துவிட்டு இப்போது இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்!

மெக்கானிக் இரும்பு முக்காலியை நிறுத்தி, சங்கிலியை இழுத்தார். அழுக்குச் சொட்டச் சொட்ட மோட்டார் மேலே வந்தது. குடத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதன் அடியில், வெட்டுக் கத்திகளைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது.

டீச்சர் எட்டிப் பார்த்தாள். துணி!

"டீச்சர், கையை வெச்சுடப் போறாரு. கத்தி கூர்மையா இருக்கும்னு சொல்லுங்க!" வீட்டுக்காரரின் குரல் உடைந்தது.

"இடுக்கி இருக்குன்னு சொல்லுங்க."

மெக்கானிக் துணியைப் பிசிர் பிசிராக உருவி வாளியில் போட்டார். கத்தியைக் கழற்றித் தீட்டினார். மீட்டரை வைத்துப் பார்த்து, "சுருள்ல ஈரம் இறங்கலை, பிழைச்சோம்" என்றார். பச்சை பூத்திருந்த வயர் இணைப்பை வெட்டிப் புதிதாக முடித்தார். ஒரு அசைவுகூட வீண் இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த டீச்சர், எப்போது கையை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வேற வேலையே கிடைக்கலையாமான்னு கேளுங்க" என்றார் வீட்டுக்காரர்.

அதை அவள் கேட்கவில்லை. மெக்கானிக் சிரித்தார்.

"காதுல விழுந்துச்சு டீச்சர். இது ஒரு நாள் நின்னதுக்கே வீடு என்ன ஆச்சுன்னு பார்த்தாரான்னு கேளுங்க."

பிறகு மெயின் பூட்டைத் திறந்தார். "எல்லாரும் தள்ளி நில்லுங்க. மூணு வயர்ல ரெண்டு இடம் மாறினாப் போதும், தலைகீழாச் சுத்தும். உள்ளே சுத்துறது கண்ணுக்குத் தெரியாது. ஆனா அதுவே சொல்லும், பாருங்க."

கணநேரம் சுவிட்சைத் தட்டி அணைத்தார். சங்கிலியில் தொங்கிய மோட்டார் வெடுக்கென்று இடப்பக்கம் துள்ளியது.

"உடம்பு இடப்பக்கம் துள்ளினா, உள்ளே வலப்பக்கம் சுத்துது. சரியா இருக்கு."

அம்மாடி! பேசத் தெரியாத இரும்பிடம் கேள்வி கேட்டு, பதிலும் வாங்கிவிட்டாரே! டீச்சர் வாயைப் பிளந்தாள். வீட்டுக்காரரும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது படியிறங்கி இவ்வளவு கிட்டே வந்தாரோ!

மோட்டார் இறங்கியது, உறுமியது. குளியலறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள் டீச்சர். தேங்கியதெல்லாம் கடகடவென்று உள்ளே போய், துளை பளிச்சென்று தெரிந்தது. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

திரும்பி வந்தபோது வீட்டுக்காரர், "சாப்பிட்டாரான்னு கேளுங்க" என்றார்.

"ஆச்சுன்னு சொல்லுங்க" என்றபடி மெக்கானிக் வாளித் துணியைக் குழாயடியில் அலசினார். டீச்சர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். யார் வீட்டுப் பிள்ளையின் சட்டையோ? நாளைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதானா?

மெக்கானிக் அதை விரித்துக் காட்டினார். பெரிய குளியல் துண்டு.

"உங்க பசங்க வேலை இல்லை டீச்சர், பயப்படாதீங்க. இவ்வளவு பெரிய துண்டு டாய்லெட் வழியா வரவே வராது. தொட்டி மூடியைத் திறந்து மேலேயிருந்துதான் போட்டிருக்கணும்."

"மூடிச் சாவி சார்கிட்டதானே இருக்கு! வேணும்னே யாராவது போடுவாங்களா?" என்றாள் டீச்சர்.

வீட்டுக்காரர் அவசரமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றார். முதல் தடவையாக, டீச்சரை நடுவில் வைக்காமல் பேசினார்.

"என்னைப் பார்க்கணும்னு தோணினா எனக்கே போன் பண்ணுங்க அப்பா, ஓடி வந்துடறேன். அந்த மோட்டார் என்னப்பா பாவம் பண்ணுச்சு?"