தட்டிப் பார்த்த புரொப்பெல்லர்

“புதுசே வாங்கிடு. ஒட்டு வேலை வேண்டாம்,” என்றார் கணவர்.

மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரோடு பேசி நாற்பது நாளாகிறது. மெக்கானிக்கிடம்தான் சொன்னாள். “அண்ணே, இதையே வெல்டிங் வச்சுக் குடுங்க. நாளைக்குத் தம்பி போட்டை எடுக்கிறான்.”

மேஜைமேல் கிடந்த புரொப்பெல்லரில் ஓர் இறக்கை பாதி உடைந்திருந்தது.

“ஒட்டினதுதானே போன தடவை நடுக்கடல்ல பிச்சுக்கிச்சு! உள்ளுக்குள்ள விரிசல் இருக்கு. டேய் மச்சான், நீயாவது சொல்லுடா!”

மச்சான் எப்போதும் அக்கா கட்சி. மெக்கானிக்கிடம் கயிற்றை எடுத்து நீட்டினான்.

மெக்கானிக் புரொப்பெல்லரைக் கயிற்றில் தொங்கவிட்டு, சுத்தியலால் தட்டினார். கணீரென்றது.

“விரிசல் இருந்தா இப்படிப் பாடாதும்மா. ஒட்டிரலாம். ஆனா புதுசு போட்டா நிம்மதி.”

“வேணாம்ணே. போட் மட்டும்தானே கரைக்கு வந்துச்சு, அவர் வரலையே! அவர் கையால மாட்டினது, இது இருக்கட்டும்.”

கணவர் ஓடிவந்து இறக்கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

“எதுக்கும் இன்னொரு தட்டு,” என்றார் மெக்கானிக்.

டொக்.

மறுபடியும் தட்டினார். டொக்.

“இப்பதானே நல்லாப் பாடுச்சு?” என்று இறக்கையைத் தொட்டவர், சுட்டது போல் கையை இழுத்துக்கொண்டார். “ஐஸ் மாதிரி இருக்கும்மா! இதை நம்பித் தம்பிய அனுப்பாத.”

காய்ந்து கிடந்த இறக்கையில் பத்து விரல் ஈரம் தெரிந்தது. உப்புத் தண்ணீர் தரையில் சொட்டியது.

மனைவி மெக்கானிக்கைப் பார்க்கவில்லை. அந்த விரல்களையே பார்த்தாள்.

“சரிங்க,” என்றாள் மெதுவாக. “புதுசே வாங்கிடறேன். கையை எடுங்க.”