பக்கவாட்டு வாசல்

நகரத்துத் தெருவிளக்குக் கூண்டில் குடியிருந்த சில்லைக் குருவியும் அவள் கணவனும், இனி வயல்காட்டில்தான் வாழ்வது என்று கிளம்பி வந்தார்கள். கிணற்றோரக் கருவேல மரத்தில், தூக்கணாங்குருவி பாதியில் விட்டுப்போன கூடு ஒன்று அடி திறந்தபடி கிணற்றுக்கு நேர்மேலே தொங்கியது. முட்டையிட ஒரு நாள்தான் இருந்தது. இருவரும் புல் சுமந்து தரை போட்டு, பக்கவாட்டில் வாசல் வைத்தார்கள்.

மறுநாள் கூட்டைக் கட்டிய தூக்கணாங்குருவியே வந்து பார்த்துச் சிரித்தார்.

“ஏம்மா, என் வீட்டுக்காரியே வேண்டாம்னு போன வீடு இது. இதுல வாசலை வேற பக்கவாட்டுல வச்சிருக்கீங்க. எங்க ஊர்ல வாசல் கீழதான். தரையைப் பிரிச்சுட்டு ஒழுங்கா வைங்க.”

சில்லை கீழே குனிந்து பார்த்தாள். தரையைப் பிரித்தால் முட்டை கிணற்றில்தான் விழும்.

“நீங்க கட்டுனதுதான் அண்ணே, இல்லைங்கல. விட்டுட்டுப் போனதும் நீங்கதான். இப்ப குடியிருக்கிறது நாங்க. வாசல் இங்கதான் இருக்கும்” என்றாள்.

அவர் கோபத்தில் தரையிலிருந்து ஒரு புல்லை உருவிப் போட்டார். அது தண்ணீரைத் தொடுமுன் கணவன் பாய்ந்து கவ்விவந்தான். சில்லை அதை உருவிய இடத்திலேயே செருகினாள். பிறகு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய் முதல் முட்டையை இட்டாள்.