கூவல்

"இது என் குரல் இல்ல." வரதராஜன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

சபீனா கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க குரல்தான் சார். கொஞ்சம் சுத்தம் பண்ணியிருக்கேன், அவ்வளவுதான்."

நாட்டுப்புறப் பாட்டை கிடாருக்கும் டிரம்ஸுக்கும் ஏற்றிப் பாடி, ஒரு காலத்தில் ஹைதராபாத் கல்லூரிகளையே ஆட வைத்தவர் வரதராஜன். அவருடைய இசைக்குழு உடைந்தபின் பல வருடம் பாடாமலே இருந்தார். இப்போது அறுபது தாண்டி, முதல்முறையாகத் தனி ஆல்பம். லோத்குண்டாவில் சபீனாவின் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு.

அவர் பாட்டுகளின் உச்சியில் நீளமாக ஒரு கூவல் வரும். முதல் கேசட்டிலிருந்தே அதுதான் அவருடைய முத்திரை. மேடையில் மட்டும் அந்த இடம் வந்ததும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவார்; ஜனங்களே கூவிவிடுவார்கள்.

நேற்று அந்த இடத்தில் அவருக்கு இருமல்தான் வந்தது. இன்று ஹெட்போனில் அதே கூவல் கணீரென்று கேட்கிறது.

"ஏம்மா, மெஷின்ல என் குரலைத் தயார் பண்ணிட்டியா?"

"நக்கோ, அப்படி நினைக்காதீங்க சார்! சத்தியமா மெஷின் இல்ல." சொல்லிவிட்டு சபீனா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அப்புறம் எப்படி வந்துச்சு?"

"டீ சொல்றேன் சார்" என்று வெளியே போய்விட்டாள்.

மெட்டுகுடாவில் வீட்டுக்கு வந்தும் அவருக்கு மனசு ஆறவில்லை. "அந்தப் பொண்ணு என்னமோ மறைக்குது கனகம். பொய்க் குரல்ல என் பேர் வரக் கூடாது. ஆல்பத்தையே நிறுத்திடப் போறேன்."

"கைக்கூ, எதுக்கு இந்த வம்பு? அவ்வளவு நல்லா வந்திருக்கு, விடுங்க" என்றாள் மனைவி.

"நல்லா வந்திருக்குன்னு உனக்கு யார் சொன்னது?"

"நீங்கதான் இப்ப சொன்னீங்க." கனகம் அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள்.

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. இவளும் கூட்டா?

மறுநாள், ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். பாதி வழியில் ஒரு டீக்கடையில் ஒரு மணி நேரம் கடத்திவிட்டு, ஆட்டோவை லோத்குண்டாவுக்குத் திருப்பச் சொன்னார்.

ஸ்டூடியோ கதவைச் சத்தமில்லாமல் தள்ளினார். ஸ்பீக்கரில் கூவல் ஏறிக்கொண்டிருந்தது, அச்சு அசல் அவர் குரலில். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள் கனகம்.

அவரைப் பார்த்ததும் சபீனா பதறி ஒலிப்பதிவை நிறுத்தினாள். கனகம் கண்ணைத் திறந்தாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு மெதுவாக வெளியே வந்தாள்.

வரதராஜன் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் வரவில்லை. மெஷின் இல்லை என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. சிரிக்கக்கூட முயன்றார்.

"வயசாயிடுச்சு, எனக்கு எட்டல. நீ கை கொடுத்தே, சரி. இந்த ஒரு பாட்டுக்குத்தானே கனகம்?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"முதல் கேசட்டுல இருந்துங்க."